ஈரத்தில் பார்த்த கடல்

பேருந்து ஓட்டிய காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, ஹெட்லி ஆங்கோவ் எங்கள் கார்ன்வால் கரையின் பாறைகளைத் தவிர வேறெதையும் படமெடுத்ததில்லை. அவருடைய மரப்பெட்டிக் கேமராவைத் தூக்கவே ஒரு ஆள் வேண்டும். அதில் விழும் பெரிய நெகட்டிவை, பிளாட்டினக் கரைசல் தடவிய தாளின்மேல் வைத்து ஒளி காட்டிக் கழுவினால் படம். எங்கள் புகைப்படச் சங்கத்தின் கோடைக் கண்காட்சியில், கூடத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படும் எதிர்ச்சுவர் அவருடையது. யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை, ஆகிவிட்டது.

பிறகு கெரென்ஸா பொலித்தோ வந்தாள். துறைமுகத்தில் நண்டு உடைப்பவள். சின்னக் கேமராவில் எடுத்ததைக் கணினியில் பெரிதாக்கி, சாதாரண அச்சுப்பொறியில் பிளாஸ்டிக் தாளில் நெகட்டிவ் அடித்துக்கொண்டு வந்தாள். அதை வைத்து அவரைப் போலவே பிளாட்டினத் தாளில் படம் போட்டாள். அவள் படத்தைப் பார்த்ததும் ஹெட்லி கொதித்தார். கணினி நெகட்டிவில் அச்சிட்டவை கூடத்துக்குள் வரக்கூடாது, வெளி நடையில் தொங்கட்டும் என்று விதி கொண்டுவந்தார். தாளில் தடவிய கரைசலுக்கு ஒளி தெரியும். நெகட்டிவ் எந்தப் பெட்டியில் பிறந்தது என்று தெரியாது. இது தெரிந்தும் நாங்கள் கை தூக்கினோம். பிறப்பைக் கேட்டு வாசலில் நிறுத்தும் புத்திக்கு ஊர் பேதமில்லை.

கண்காட்சிக்கு முந்தைய வாரம், சங்கத்தின் கழுவும் தொட்டியில் அவளுடைய புதுப்படம் கிடந்தது. மூடுபனி விலகும் கடல். பாறையின் கருமையில் கையை விட்டால் முழங்கை வரை போகும் போலிருந்தது. ஹெட்லி குனிந்தவர் நிமிரவில்லை.

“என்ன ஹெட்லி, தொட்டியில நண்டு கிண்டு கெடக்கா?” என்றாள் கெரென்ஸா.

“தண்ணியை மாத்து,” என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

வீட்டில், கண்காட்சிக்கென்று முடித்து வைத்திருந்த தன் படத்தை எடுத்துப் பார்த்தார். சாம்பல் மாதிரி இருந்தது. கிழித்து அடுப்பில் போட்டார். அதே நெகட்டிவை மறுபடி அச்சிட்டார்; போதவில்லை. இன்னும் அதிக நேரம் ஒளி காட்டினார். கருப்பு ஏற ஏற அலைகள் ஒவ்வொன்றாய்ப் பாறைக்குள் மறைந்தன. தட்டில் இறைச்சி பொதிந்த பேஸ்டி கொண்டுவந்த மனைவி லோவெனா எட்டிப் பார்த்தாள்.

“இதென்ன, தார் போட்ட ரோடா?”

அந்த நண்டுக்காரியின் கருப்பு வர வேண்டும் என்றார் அவர். எங்கே பார்த்தாய் என்று அவள் கேட்க, தொட்டியில் என்றார். லோவெனா தட்டைக் கீழே வைத்தாள்.

“ஈரத்துலயா? ஈரப் படத்தை நம்பாதே, காஞ்சா வெளுத்துரும்னு சங்கத்துக்கே பாடம் எடுக்கிறவன் நீ.”

ஹெட்லி உட்கார்ந்துவிட்டார். அடுப்பைப் பார்த்தார். பிறகு மெல்ல ஒரு சந்தோஷம் வந்தது: அவளுடையதும் வெளுத்திருக்கும்.

படம் மாட்டும் நாளில் அதைக் கண்ணால் பார்க்கத்தான் முதல் ஆளாக வந்தார். நடையில் அவள் படம் காய்ந்து, சட்டத்துக்குள் இருந்தது. அவர் ஆசைப்பட்டபடியே அந்தக் கருமை போயிருந்தது. ஆனால் கடல் போகவில்லை. சாம்பலுக்குள் சாம்பலாகப் பனி நகர்ந்தது. தாளே ஈரக்காற்றாக இருந்தது. எல்லாம் ஈரத்தின் மாயம் என்று இனி தண்ணீரைக் குற்றம் சொல்ல வழியில்லை.

எதிர்ச்சுவரில் ஆணியை எந்த உயரத்தில் அடிக்க என்று அவரிடம் கேட்டேன். தன் கருப்புப் படத்தை என்னிடம் நீட்டினார்.

“இதை நடையில மாட்டு. அங்க இருக்கறதை இங்க கொண்டா.”

தேநீர்க் கோப்பைகளோடு வந்த கெரென்ஸா நின்றாள். “என்ன, பாவம் பாக்கறீங்களா?”

“உன்மேல எதுக்குப் பாவம்? பொறாமைம்மா. வயிறு எரியுது. கோப்பையை வச்சுட்டு ஆணியைப் பிடி.”

விதியை அன்றே தூக்கி எறிந்தோம். அதற்கும் கை தூக்கியவர்கள் நாங்களேதான். ஹெட்லி கண்காட்சி முடியும்வரை தினமும் வந்தார். எதிர்ச்சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தேநீர் குடித்தார்.