கேமராவைக் கீழே வைக்காதவன்

ஜாம்பிப் படம் பார்த்து எனக்குப் பயம் வந்ததில்லை, எரிச்சல்தான் வந்திருக்கிறது. அதிலும் கண்டெடுத்த வீடியோ வகைப் படங்கள் என்றால் கூடுதல் எரிச்சல். ஊரே செத்துப் பிணமாக நடமாடத் தொடங்கிவிட்டது, தப்பித்தவர் யாரும் இல்லை, ஒரு கேமரா மட்டும் கிடைத்தது, அதில் பதிவாகியிருந்ததைத்தான் பார்க்கப்போகிறீர்கள் என்று தொடக்கத்திலேயே எழுதிக் காட்டுவார்கள். சரி, அப்படியென்றால் இதை எடிட் செய்தது யார்? அலறலுக்கு முன்னால் அந்த ஒரு நொடி அமைதியை வைத்தது யார்? நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். என்னைப் போன்ற ஆளே உலகத்தில் இல்லை என்று சாதிக்கிற படத்தை நான் எப்படி ரசிப்பது?

என் நண்பன் ரசித்தான். அவன் கல்யாண வீடியோ எடுக்கிறவன். அவன் எடுத்துக் கொண்டுவருவதை நான் வெட்டுவேன். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறைக்கு வந்து இந்த வகைப் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, திரையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் எங்கேயாவது அசைந்தால் அவனுக்கு வெற்றி.

இந்த வகைக்கு ஆதரவாக அவன் சொன்னதில் நியாயமும் உண்டு. இந்தப் படங்கள் தொடங்கும் விதம் நன்றாக இருக்கும். யாரோ பிறந்தநாள் கேக் வெட்டுவார்கள், மெழுகுவத்தி கொளுத்தத் தீப்பெட்டி தேடுவார்கள், ஒரு மாமா கேமராவை மறித்துக்கொண்டு நிற்பார். அரைமணி நேரம் ஒன்றுமே நடக்காது. அதற்குள் அந்த வீடு நம் வீடாகிவிடும். பிறகு கதவு தட்டப்படும்போது தட்டப்படுவது நம் கதவு. பின்னணி இசை கிடையாது, அதனால் சமையலறையில் ஒரு தட்டு உருளும் சத்தம் கேட்டாலே திரும்பிப் பார்ப்போம். நகரம் அழிவதைக் காட்டச் செலவும் இல்லை. டிவியில் செய்தி வாசிப்பவரின் குரல் பாதியில் நின்றால் போதும், மிச்சத்தை நம் மண்டையே கட்டிக்கொள்ளும்.

என் கட்சி வேறு. இந்த முறை பேய்க்குப் பொருந்தும், ஜாம்பிக்குப் பொருந்தாது. பேயைக் காட்டவே வேண்டாம். ஜாம்பிக்கு உடம்பு இருக்கிறது, ஆகவே காட்டித்தான் தீர வேண்டும். ஆடாத கேமராவில், நல்ல வெளிச்சத்தில் காட்டினால் சாயம் பூசிய ஆள் என்று தெரிந்துபோகும். அதற்காகக் கேமராவை ஆட்டுவார்கள். நமக்குப் பயத்துக்குப் பதில் தலைவலி வரும். பேட்டரி தீரவே தீராது. சாகப்போகிறவன் மூச்சு வாங்கிக்கொண்டே நம்மிடம் கதைச் சுருக்கம் சொல்வான். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கேள்வி: பெண்டாட்டியைக் கடிக்க வருகிறார்கள், இவன் ஏன் அந்தக் கேமராவைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடவில்லை?

"அவன் கல்யாண வீடியோகிராபரா இருந்தா?" என்று ஒருநாள் கேட்டான் நண்பன். "தாலி கட்டும்போது மண்டபமே இடிஞ்சு வுழுந்தாலும் நாம கேமராவ எறக்குவமாடா?"

அவன் வீடியோ எடுத்த ஒரு கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா மயங்கி விழுந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீடியோவில் தாலி மட்டும்தான் இருந்தது, துல்லியமாக. எங்கள் தொழிலில் மறுபடி எடுக்கிற பேச்சே இல்லை. அவன் அந்த வகைப் படங்களின் மிகப்பெரிய ஓட்டைக்கு ஒரு பதில் கண்டுபிடித்துவிட்டான் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அந்தப் பதிலை வைத்தே ஒரு ஜாம்பிப் படம் எடுக்க அவன் கிளம்பினான். இதில் அவன் மனைவிக்கும் ஒரு பங்கு இருந்தது. அவளுடைய அப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவளுக்கும் பிரெஞ்சு நேசனாலிட்டி. அண்ணன் பாரீஸுக்கு வெளியே இருந்தான், தங்கை வந்தால் வேலை பார்த்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். புதுச்சேரியில் இப்படிப்பட்ட பெண்ணைக் கட்டினவன் கல்யாணமான அடுத்த வருடமே விமானம் ஏறிவிடுவான். இவன் ஏறவில்லை. ஒரு படம் பண்ணிவிட்டு வருகிறேன் என்றான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "படத்த முடிங்க, சேந்தே போலாம். நான் தனியா போமாட்டேன்" என்று என் எதிரிலேயே சொன்னாள். இந்த ஒரு வாக்கின்மேல்தான் அவர்கள் குடித்தனம் நின்றிருந்தது.

ஆடி மாதம் வந்தது. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் மண்டபம், லைட், சமையல்காரர், நாங்கள் எல்லாரும் சும்மா இருப்போம். அரியாங்குப்பத்தில் தெரிந்தவர் ஒருவர் தன் மண்டபத்தைக் கொடுத்தார். சன்னல்களைக் கருப்புத் துணியால் மூடிப் பகலை இரவாக்கினார்கள். கதை எளிமையானது: ஒரு கல்யாணம், பந்தியில் சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக ஜாம்பி ஆகிறார்கள், கேமராக்காரன் எடுத்துக்கொண்டே இருக்கிறான். கேமராக்காரனாக அவனே. அவன் மனைவியாக அவளே. ஜாம்பிகளாக இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்கள்.

தினமும் வந்த காட்சிகளை நான் அறையில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த வருடம் நான் அவ்வளவு சிரித்தது வேறெதற்கும் இல்லை. ரோஸ்மில்க் எசன்ஸைச் சர்க்கரைப் பாகில் கலந்து ரத்தம் என்று பூசியிருந்தார்கள். ஜாம்பிகள் எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டே நடந்தன. அவளுடைய அப்பா, அந்த வயதிலும், இடது கால் வலது கால் என்று அணிவகுப்பு மாதிரி நிமிர்ந்து வந்தார். பெரிய சிக்கல் வேறு. பந்தியில் பிணமாகக் குனிந்து தின்றுகொண்டிருந்த அத்தைகள், கேமரா லைட் முகத்தில் விழுந்ததும் நிமிர்ந்து, முந்தானையைச் சரிசெய்து, சிரித்தார்கள். காலம்பூராவும் கல்யாண வீடியோவில் அப்படிச் சிரித்துப் பழகியவர்கள். எத்தனை முறை திட்டினாலும் லைட் பட்டால் சிரிப்பு வந்துவிட்டது. அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

நான்தான் போன் செய்து சொன்னேன், அதை விட்டுவிடு என்று. தனியாகப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. செத்தபிறகும் லைட்டுக்குச் சிரிக்கிற முகங்கள், வாயோரம் சிவப்பு, கண்ணில் ஒன்றுமில்லை. எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது அப்போதுதான்.

கடைசி நாள் அவன் மனைவி மாடிப்படியில் விழுந்தாள். கதைப்படி அவள் படியிறங்கி ஓடிவர வேண்டும், அவ்வளவுதான். கொட்டிக் கிடந்த பாகில் கால் வழுக்கி, மேலிருந்து உருண்டு கீழே வந்து கிடந்தாள். கணுக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் அவன் எல்லாரிடமும் ஒன்றையே சொன்னான்: "அவ நடிக்கிறான்னே நெனச்சிட்டேன்." அவளும் சிரித்துக்கொண்டு, "அவ்ளோ நல்லா நடிச்சிட்டேன் போல" என்றாள்.

அவள் விழுந்தது கேமராவில் இருந்தது. அவள் கீழே கிடந்து கையை நீட்டி, "ஏங்க, அத வச்சிட்டு வாங்க, கால் போச்சு" என்று கூப்பிடுகிறாள். கேமரா மெதுவாக அவள் முகத்துக்குக் கிட்டே போகிறது. பின்னாலிருந்து, முகமெல்லாம் ரத்தத்தோடு, அவள் அப்பா பாய்ந்து வந்து அவள்மேல் குனிகிறார். பெற்ற மகளையே தின்ன வந்துவிட்டார் என்று தோன்றும். உண்மையில் அந்த மண்டபத்தில் அவளைத் தூக்க வந்த முதல் ஆள் அவர்தான். அவர் குனிந்த இடத்திலேயே வெட்டினேன். இருட்டு. படம் முடிந்தது.

ஆன்லைனில் படம் வாங்குகிற ஒரு கம்பெனிக்கு அனுப்பினோம். பதில் நல்லபடியாகவே வந்தது. பந்திக் காட்சி பிரமாதம், சிரிக்கிற ஜாம்பிகளை மறக்க முடியவில்லை, எடுத்துக்கொள்ள விருப்பம், ஆனால் ஒரு திருத்தம்: தாலி கட்டும்போது கேமராவை இறக்காதது சரி, மனைவி கீழே கிடந்து கூப்பிடும்போதும் இறக்காதது நம்பும்படி இல்லை, ஒரு காரணக் காட்சி சேருங்கள்.

அவன் துள்ளிக் குதித்தான். அவள் கட்டுப் பிரித்து மெல்ல நடக்கத் தொடங்கியிருந்தாள். இருவரும் மாலையில் என் அறைக்கு வந்தார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு காட்சி பாக்கி, அப்புறம் விமானம். வரும்போதே பெட்டிகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"கை மரத்துப் போச்சுன்னு வச்சிக்கலாமா?" என்றான் அவன். "இல்ல, கேமரா லைட்ட நிறுத்துனா இருட்டுல ஜாம்பி கடிச்சிடும்னு வச்சா?"

"லைட்டோட போய்த் தூக்கலாமேடா" என்றேன்.

"அதிர்ச்சியில ஒறைஞ்சி நிக்கிறான்."

"ஒறைஞ்சவன் கிட்டப் போயி போகஸ் பண்ண மாட்டான்."

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணா, அந்த எடத்தப் போடுங்க. நான் இன்னும் பாக்கவே இல்ல" என்றாள். போட்டேன். அப்பா குனிந்தார், இருட்டானது. "இதுக்கப்புறம் இன்னா இருக்கு? வெட்டாதத போடுங்கண்ணா" என்றாள்.

"அதுல ஒண்ணும் இல்ல" என்றான் அவன், கொஞ்சம் அவசரமாக. அவள் என்னைப் பார்த்தாள். அவள் காலைப் பற்றிய விஷயம், பார்க்க அவளுக்கு உரிமை இருந்தது. போட்டேன்.

அப்பா அவளைத் தோளோடு சேர்த்துத் தூக்கப் பார்க்கிறார். முடியவில்லை. கேமராவைத் திரும்பிப் பார்த்துக் கத்துகிறார்: "கேமராவ வைடா! புள்ள நெஜமாவே வுழுந்துட்டா!" மருமகனை ஒருநாளும் டா போட்டுப் பேசாத மனிதர். கேமரா கீழே போகவில்லை. அவர் தோளைத் தாண்டி, வலியில் கோணிய அவள் முகத்தைத் தேடிப் பிடித்து, மங்கலாகி, மறுபடி தெளிவாகி, அங்கேயே நிற்கிறது. யாரோ வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகும்வரை நிற்கிறது.

நான் நிறுத்தினேன். கீழே தெருவில் ஸ்கூட்டர்கள் போய்க்கொண்டிருந்தன. அவன் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"அவங்க கேட்டது சரியான கேள்விதாங்க" என்றாள். "காரணத்த மொதல்ல எனக்குச் சொல்லுங்க. அப்புறம் படத்துல வச்சிக்கலாம்."

அவன் மவுஸை எடுத்து, திரையில் நின்றிருந்த காட்சியை மூடினான். அவள் மிச்ச டீயைக் குடித்து முடித்தாள். பிறகு என்னிடம் சொல்லிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி படியிறங்கினாள். அவன் உடனே எழுந்து போவான் என்று நினைத்தேன். போனான், கொஞ்சம் தாமதமாக.

ஐப்பசியில் அவள் பாரீஸுக்குப் போனாள். தனியாகத்தான். சென்னைக்கு அவள் அப்பாவும் இவனும் போய் ஏற்றிவிட்டு வந்தார்கள். சண்டை என்று எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள். இவன் போன் செய்தால் எடுத்துப் பேசுகிறாளாம்.

கம்பெனியிலிருந்து இரண்டு முறை நினைவூட்டினார்கள். காரணக் காட்சி எடுக்கப்படவில்லை. எனக்கு ஆதங்கமாக இருந்தது. எங்கள் இரண்டு பேர் உழைப்பு, நல்ல படம், வீணாகிறதே என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்: "ஏதாவது ஒரு காரணத்த எழுதுடா. பாக்குறவன் நம்புனா போதும். அதுக்கு ஏன் இவ்ளோ யோசனை?"

"எதுனா எழுதிடலாம் மச்சான்" என்றான் அவன். "அவ பாப்பாளே."