மாடி வீட்டு அக்காவின் இரண்டு மாணவிகள்

மாடி வீட்டு அக்கா சப்பாத்தியை நான்காக மடித்து, நடுவில் கரண்டிக் காம்பால் ஒரு ஓட்டை போட்டு, "இப்ப பிரிச்சா எத்தினி ஓட்டை இருக்கும், சொல்லுங்க பாக்கலாம்" என்று கேட்ட காலைப்பொழுதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. என் மகள் யாழினி, ஒன்று என்றாள். அக்காவின் மகள் ரேகா, நாலு என்று கத்தினாள். சப்பாத்தியைப் பிரித்ததும் யாழினி வாயைப் பிளந்தாள். புத்தகத்தில் இதே கேள்வியைப் பார்த்து ஒரு வாரமாக அழுதுகொண்டிருந்தவள், அன்று தட்டிலிருந்த சப்பாத்தி முழுவதையும் ஓட்டை போட்டுத்தான் சாப்பிட்டாள்.

மர்பி டவுனில் அவர்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நான் வாணியம்பாடிக்காரி. கணவருக்கு மஸ்கட்டில் வேலை, எனக்கு அல்சூரில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டில் நானும் யாழினியும் மட்டும்தான். அக்காவின் குடும்பம் மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருப்பது. காய்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசிக்கொண்டே, திரும்பி ரேகாவைத் தமிழில் திட்டுவார்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது, அதில் தேறினால் மைசூர்ப் பக்கம் உள்ள அரசு உறைவிடப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்பதே எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். அவருடைய தம்பி அப்படிப்பட்ட பள்ளியில் படித்து மேலே வந்தவர். ரேகாவையும் அனுப்ப வேண்டும் என்பது அக்காவின் பல வருட ஆசை. அவர் எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஒருநாள் மாவு வாங்க மேலே போனபோது, அவர் கணவர் உள்ளே பேசியது படிக்கட்டு வரை கேட்டது.

"இருக்குறதே கொஞ்சம் சீட்டு. இன்னாத்துக்கு போட்டிய நீயே வீட்டுக்குள்ள கூட்டினு வர்ற?"

"ஊரே எழுதுற பரீட்சை, இந்த ஒரு பொண்ணா நம்ம சீட்டைப் புடுங்கப் போவுது? அதுவும் இல்லாம, தனியா உக்காந்தா இவ தூங்கிடுறா. அந்தப் பொண்ணு பக்கத்துல இருந்தாதான் படிக்கிறா."

நான் மாவு வாங்காமல் இறங்கிவிட்டேன். மறுநாள் காலை எப்போதும்போல அவரே கீழே குரல் கொடுத்தார்: "யாழினி, மேல வாம்மா, லேட்டாச்சு."

தேர்வுக்காக இருவருக்கும் அக்கா எடுத்த வகுப்பு மொட்டை மாடியில் நடந்தது. கறுப்புத் தண்ணீர்த் தொட்டிதான் கரும்பலகை. அதன் வளைந்த உடம்பில் சாக்பீஸால் கணக்குகளை எழுதிப் போடுவார். கண்ணாடிப் பிம்பக் கேள்விகளுக்கு வீட்டுக்குள் பீரோக் கண்ணாடி முன்னால் இருவரையும் நிறுத்துவார்; ஒருத்தி வலது கையைத் தூக்க, மற்றவள் கண்ணாடிக்குள் எந்தக் கை என்று சொல்ல வேண்டும். துணி உலர்த்த மேலே போகும்போதெல்லாம் சிரிப்புச் சத்தம்தான் முதலில் கேட்கும்.

தேர்வு நெருங்கியபோதுதான் சிக்கல் வந்தது. பிரேசர் டவுனில் ஒரு பயிற்சி மையத்தில் வைத்த மாதிரித் தேர்வுகளில் யாழினி தொடர்ந்து மோசமாக எழுதினாள். நான் கத்தினேன், வீட்டில் டிவியை நிறுத்தினேன். மாடியில் தெரிந்த கணக்கு தாளில் எப்படித் தெரியாமல் போகும் என்று எனக்குப் புரியவில்லை. அக்காதான் ஒரு மாலை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அதுக்குக் கணக்கு வராம இல்லம்மா. வேணும்னே தப்பா போடுது. போக வேணாம்னு நினைக்குது. நீ திட்டாத, கேளு."

கேட்டேன். தலையணை உறையை நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தவள், "அப்பாவும் இங்க இல்ல. நானும் போயிட்டா நீ யார்கூடம்மா இருப்ப?" என்றாள். அவளைக் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போய், அக்காவிடமே சொல்லச் சொன்னேன். கேட்டு முடித்த அக்கா சிரிக்கவில்லை. பெரியவர்களிடம் பேசுவதுபோலவே பேசினார்.

"உங்கம்மாவ நான் பாத்துக்குறேன். வேலை விட்டு வந்தா டீ எங்க வீட்டுல. ஞாயித்துக்கெழம சோறு எங்க வீட்டுல. நீ போவலாம், போவாமலும் இருக்கலாம். ஆனா சும்னே, வேணும்னு தப்பா எழுதாத, என் சாக்பீஸெல்லாம் வீணாப் போவுது."

அடுத்த மாதிரித் தேர்விலேயே யாழினியின் மதிப்பெண் ஏறியது.

தேர்வு முடிவு வந்த நாளில் பட்டியலில் யாழினியின் எண் இருந்தது. ரேகாவின் எண் இல்லை. திரும்பத் திரும்பத் தேடினேன். மேலே போகாமல் வாசலிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் அக்காவே இறங்கி வந்து, யாழினியின் கன்னத்தைக் கிள்ளி, வாயில் ஒரு பிடி சர்க்கரை போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"எனக்கு வருத்தம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ரேகா கதவைச் சாத்தினு அழுவுறா. ரெண்டு நாள் எங்கள விட்டுரு. அப்புறம் ஹாஸ்டலுக்கு இன்னா இன்னா வேணும்னு உக்காந்து பாக்கலாம்."

சொன்னபடியே மூன்றாம் நாள் வந்தார். ரேகா மட்டும் இறங்கவில்லை. கிளம்பும் காலையிலும் மாடிக் கைப்பிடிச் சுவரருகே நின்றுதான் பார்த்தாள். பத்து வயதுப் பிள்ளையை அதற்காக யார் குறை சொல்ல முடியும்?

யாழினியை விடுதியில் விட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பும்போது, பூட்டிய வீட்டைத் திறக்கப் போவதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அல்சூர் நிறுத்தத்தில் இறங்கினால், அக்காவும் ரேகாவும் நின்றுகொண்டிருந்தார்கள். ரேகா என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். நடக்கத் தொடங்கிய பிறகு, தரையைப் பார்த்தபடி கேட்டாள்: "ஆன்ட்டி, அவ அழுதாளா?"

"அழுதா."

"நானும்தான்" என்றாள்.

இப்போது இரண்டு பேரும் பதினொன்றாம் வகுப்பு. இங்கே பியூசி என்று சொல்லும் அதை ரேகா பக்கத்துக் கல்லூரியில் காமர்ஸ் எடுத்துப் படிக்கிறாள். கணக்குப் பதிவியலில் சந்தேகம் வந்தால் புத்தகத்தோடு என்னிடம் இறங்கி வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை யாழினியின் அழைப்பு வரும்போது நான் பெரும்பாலும் மாடியில்தான் இருப்பேன். "பெரியம்மாகிட்ட குடும்மா" என்பாள் எடுத்தவுடன். அக்கா பேசுவார், அப்புறம் ரேகா பிடுங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவாள். போன் என் கைக்குத் திரும்பும்போது விடுதியில் பேசும் நேரம் முடிந்து மணி அடிக்கும். "சரிம்மா, வச்சிடுறேன்" என்பாள் என் மகள், அவசரமாக, சிரித்தபடி. நான் தனியாக இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது போதும்.