சோதனைச் சாவடியில் என் விளையாட்டுப் புத்தகம்

யுத்தம் மறுபடியும் மூண்டிருந்த நேரம். இலங்கையில், மாத்தளைக்குக் கிட்ட யட்டவத்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் நான் கிளாக்கராக இருந்தேன். கண்டியில் படித்தபோது விடுதித் தோழி ஒருத்தி பழக்கிவிட்ட விளையாட்டு ஒன்று என்னை விடவேயில்லை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆட்களாக இறங்கி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நினைத்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும்.

அதற்கான கதைப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில், பனியும் கோட்டையுமாக இருந்தன. தமிழில் ஒன்றை நானே எழுதினேன். லக்கல பக்கத்தில் காட்டை எரித்துப் பயிர்செய்யும் சேனைக்காடு, காட்டு யானை, மலைக்கு அடியில் ஓர் அரசன் படைக்காவலோடு பதுக்கிவைத்த நெல். பஞ்சத்தில் தவிக்கும் ஊரார் அதை மீட்க வேண்டும். வீட்டில் கிடக்கும் லூடோ பகடையே போதும்படி விதிகளை அமைத்தேன். நடுப்பக்கத்தில் பெரிய வரைபடம் ஒன்றையும் வரைந்தேன்.

மாத்தளை டவுனில் சின்ன அச்சகம் வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் அதை அச்சடித்துத் தந்தார். எல்லாரையும் போல நானும் அவரை, முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்வதுபோல, நானா என்றுதான் கூப்பிடுவேன். புத்தகக் கட்டோடு பஸ் ஏறி, அதை மடியில் வைத்துக்கொண்டேன். மை வாசம் போகாத புத்தகத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன்.

சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பெண் பொலிஸ் ஒருவர் கட்டைப் பிரித்தார். விரிந்தது நடுப்பக்கம். ஆறு, பாலம், சுரங்க வாசல், காவலர் நிற்கும் இடங்களுக்குச் சிவப்புப் புள்ளி. அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த சார்ஜன்ட் ஒருவரைக் கூப்பிட்டார். அவர் உரக்க வாசித்து வாசித்துச் சிங்களத்தில் சொன்னார்.

"பாலத்தை உடைத்தால் படை ஆற்றைக் கடக்க முடியாது. பொழுது சாயும்போது காவல் மாறும்."

என் வாக்கியங்கள்தான். அந்தக் குரலில் கேட்டபோது எனக்கே தாக்குதல் திட்டம் போல இருந்தது. அதுவரை பேசிக்கொண்டு வந்த பக்கத்து சீட் அம்மா, என்னைத் தெரியாதவர் போல் திரும்பிக்கொண்டார். பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

கூட்டிப்போன பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி என்னை எதிரில் உட்காரவைத்தார். எந்தப் பாலம், யார் எழுதச் சொன்னது, எங்கே அச்சடித்தது என்று கேட்டார். விளையாட்டு என்றேன். அச்சடித்த இடத்தை மட்டும் சொல்லவில்லை. விளையாட்டென்றால் கடைசியில் யார் ஜெயிப்பது என்றார். அது எனக்கே தெரியாது, ஆடுகிறவர்கள் கையில் இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் இறுகிப்போனது. முடிவு தெரியாமல் யாராவது புத்தகம் எழுதுவார்களா என்று கேட்டார்.

சேதி கேட்டு அப்பா தோட்டத்து மானேஜர் துரையைக் கூட்டிக்கொண்டு வருவார் என்று காத்திருந்தேன். முதலில் வந்தவர் அச்சக நானா. நான் அச்சகத்திலிருந்து கட்டோடு வந்து ஏறியதைப் பார்த்திருந்த பஸ் கொண்டக்டர், டவுனுக்குத் திரும்பியபோது போய்ச் சொல்லியிருக்கிறார். கடையைப் பூட்டிவிட்டு, யாரும் கூப்பிடாமல் வந்து, அச்சடித்தது நான்தான் என்று சிங்களத்தில் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்போது அவரையும் உள்ளே வைப்பார்கள் என்றே நினைத்தேன்.

அவர் நிறுத்தவில்லை. அச்சில் பிசகிய கழிவுத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய், மூத்த பிள்ளை கதை சொல்ல, தாமும் மனைவியும் மற்ற இரண்டு பிள்ளைகளும் ஆடிப் பார்த்ததாகச் சொன்னார். சேனைக்காட்டைக்கூடத் தாண்டவில்லையாம், யானை மிதித்து நான்கு பேரும் செத்தார்களாம். பொறுப்பதிகாரி சார்ஜன்டிடம் யானை வரும் பக்கத்தை வாசிக்கச் சொன்னார்.

நானா என் பக்கம் குனிந்தார்.

"புள்ள, அந்த யானைய தாண்ட வழியே இல்லையா?"

நான் எழுதியதை அச்சக நானாவின் குடும்பம் தரையில் உட்கார்ந்து ஆடியிருக்கிறது. அதை அந்த இடத்தில் வைத்துத்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அழுகைதான் வந்தது.

"சத்தம் போட்டா யானை போயிரும் நானா," என்றேன்.

நானாவைப் போகச் சொல்லிவிட்டார்கள்; மாலையில் அப்பாவும் துரையும் பிணைக் கையெழுத்துப் போட்டு என்னைக் கூட்டிப்போனார்கள். புத்தகங்கள் திரும்பி வரவில்லை. வெகுநாள்வரை பஸ் வேகம் குறைந்தாலே எனக்கு வியர்த்துவிடும். யுத்தம் முடிந்த பிறகு நானா மறுபடியும் அச்சடித்தார். அதில் வரைபடம் கிடையாது. நடுப்பக்கத்தை வெறுமையாக விட்டு, ஆடுகிறவர்களே வரைந்துகொள்ளலாம் என்று எழுதினேன்.