வழி கேட்க ஆளில்லாத ஊர்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் இங்கிலாந்துப் பனி எப்படி என்று ராயபுரத்தில் கேட்கிறவனுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இனி கேட்கிறவன் கையில் இந்தத் தாளைத் திணித்துவிட்டு நான் டீ குடிக்கப் போகலாம்.

சரக்குக் கப்பலில் சமையல்கட்டு வேலை எனக்கு. முதல் பயணமே லிவர்பூல். அந்தப் பக்கத்தில்தான் அக்கா நர்ஸாக இருந்தாள். சரக்கு இறக்க நாளாகும் என்பதால் லீவு கிடைத்தது. அக்காவும் மாமாவும் ஒரு பழைய காரில் வந்து என்னை அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். ஊர் சுற்றிக் காட்டப் போகிறோம் என்றார்கள். அது பாதி உண்மை. மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றில் சின்ன ஆஸ்பத்திரி. அன்று மதியம் அங்கே அக்காவுக்கு இன்டர்வியூ. வேலை கிடைத்தால் கூடவே வீடும் உண்டு. வீடு இருந்தால், காலடிப்பேட்டையில் மாமாவின் தங்கையிடம் வளரும் பையனை வரவழைத்துக்கொள்ளலாம். அப்போது குடியிருந்த அறையில் குழந்தை கூடாது என்று வீட்டுக்காரி கறாராகச் சொல்லியிருந்தாள். அக்கா விட்டுவிட்டு வந்தபோது தவழ்ந்துகொண்டிருந்தவன், இப்போது ஓடினால் பிடிக்க முடியாது.

ஊரைத் தாண்டியதும் எல்லாம் வெள்ளை. மரங்களில் ஒரு இலை இல்லை.

“இன்னாக்கா, அத்தினி மரமும் செத்துப்பூட்ச்சா?”

“தூங்குதுடா. வெயில் வந்தா முழிச்சுக்கும்.”

ஆடுகளின் முதுகில் நீலச் சாயம் பூசியிருந்தார்கள். மேய்க்க ஒருத்தரும் இல்லை. வாயைத் திறந்தால் பீடி இல்லாமலே புகை வந்தது. மாமாவின் முகத்தில் ஊதி ஊதி அடி வாங்கினேன்.

மாமா முன்பு எண்ணூர்ப் பக்கம் லாரி ஓட்டியவர். டீக்கடைக்கு டீக்கடை நிறுத்தி, வழி கேட்டே போய்ச் சேருகிற ரகம். அக்கா மேப்பை நீட்டினாள்.

“அது இன்னாத்துக்கு? வாய் கீது இல்ல?” என்றார்.

வாய் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. வீடு வந்தது, வேலி வந்தது, பாலம் வந்தது, மனுஷன் மட்டும் வரவில்லை. இவர்களெல்லாம் எங்கே போய் நின்று பேசுவார்கள் என்று எனக்கு ஒரே யோசனை.

“மாமா, அதோ ஒருத்தர் நிக்கிறாரு.”

மாமா பிரேக் போட்டார். ஆடு.

“கேளு மாமா. உள்ளூர் ஆளு, கரீட்டா சொல்லுவாரு.”

“மூடிகினு வாடா.”

பின்சீட்டில் அக்கா, கோட்டுக்குள் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, கேள்விக்குப் பதில்களை இங்கிலீஷில் முணுமுணுத்தபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

தூரத்தில் ஒரு மாதா கோயில் கோபுரம் தெரிந்தது. “கடலுக்குப் போறவன் மாதா கோயிலப் பாத்துதான கரைக்கு வரான்? அங்க சாமியார் இருப்பாரு” என்று மாமா வண்டியைத் திருப்பினார். போனால், கோயிலுக்குப் பூட்டு. பட்டப்பகலில் மாதா கோயிலைப் பூட்டி அன்றுதான் பார்த்தேன்.

பக்கத்து வீட்டில் புகை வந்தது. புகை வந்தால் ஆள் இருக்கும். கதவைத் தட்டினேன். காலுறையோடு ஒரு கிழவர் வந்தார். காதைச் சுற்றி மப்ளர் கட்டிய மாமாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாலத்தில் இடது, பிறகு மேடு ஏறு என்று நிதானமாகச் சொன்னார்.

மாமா பத்தடி ஓட்டி நிறுத்தினார். “அடுத்த வூட்லயும் ஒரு வாட்டி கேட்டுகினு போலாம்.”

“ஏன், அவரு சொன்னது பத்தலியா?” என்றாள் அக்கா.

“ஒரே ஆளு பேச்ச நம்பிப் போவ சொல்றியா?”

அடுத்த வீட்டில் கையெல்லாம் மாவோடு ஒரு அம்மா. பாலத்தில் இடது, பிறகு மேடு. மாமாவுக்குச் சந்தேகம் அதிகமாகிவிட்டது. எங்கள் பக்கம் இரண்டு பேரைக் கேட்டால் மூன்று வழி கிடைக்கும்.

“பேசி வெச்சிகினு சொல்றாங்களோ?” என்று மாமா மூன்றாவது வீட்டைப் பார்த்தார்.

அக்கா கார்க் கதவைத் திறந்துவிட்டாள். “இன்னொரு கதவத் தட்டினே, நா நடந்தே பூடுவேன். எம் புள்ள அங்க கீறான், நீ இங்க ஓட்டு கேட்டுகினு கீற!”

மாமா வண்டியை எடுத்தார். பாலத்தில் இடது. மேடு. ஆஸ்பத்திரி.

அக்கா உள்ளே போனதும் மாமா மப்ளரை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். கிண்டல் செய்ய எனக்கே மனசு வரவில்லை. வெளியே வந்தவள், “குட்த்துட்டாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, சாவியோடு பின்பக்கம் நடந்தாள்.

இரண்டு அறை, கரி அடுப்பு, பெரிய ஜன்னல். கட்டில் எங்கே போடுவது என்று மாமா காலால் அளந்தார். அக்கா ஜன்னலிலேயே நின்றாள். பனி, கல் சுவர், அதற்கப்பால் மேடு.

“அக்கம்பக்கத்துல ஆருடா கீறாங்க?”

நானும் எட்டிப் பார்த்தேன். “ஆடு கீது.”

சிரித்தாள். சிரித்து முடித்தும் ஜன்னலை விட்டு வரவில்லை. பிறகு, “வர சொல்லிட்லாம்” என்றாள்.

ஊர் திரும்பியதும் பையனைக் கிளப்புகிற வேலை என் தலையில் விழுந்தது. காசிமேட்டில் வலை இழுக்கிற தோஸ்திடம் எல்லாவற்றையும் அளந்தேன். புள்ளைக்குத் தனிக் கட்டில் என்றேன், கரி அடுப்பு என்றேன், நாள் முழுக்க ஒரு குரல் கேட்காத அமைதி என்றேன். அவன் கடைசிவரை வாய் பிளந்து கேட்டான். பிறகு சொன்னான்:

“அதெல்லாம் சரி மாமு, புள்ள அங்க ஆரோட சண்ட போடும்?”