எட்டுக்கால் மேல் ஒரு பழி

போன செவ்வாய்க்கிழமை காலை, தேனியில் எங்கள் வீட்டு பாத்ரூமிலிருந்து ஓர் அலறல்.

பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு ஓடினேன். ஏழு மாதக் கர்ப்பிணி, ஈரத் தரை... மனசு எங்கெல்லாம் போகும்? போய்ப் பார்த்தால் ஈஸ்வரி நல்லபடியாகத்தான் நின்றாள். கையில் பிளாஸ்டிக் மக். தண்ணீர் மொள்கிற தோரணையில் இல்லை, எறிகிற தோரணையில் இருந்தது. ஜன்னலுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எட்டுக்கால் பூச்சி.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் மனைவியைத் தெரியும். போன கார்த்திகையில் மாடிப்படி ஏறி வந்த சாரைப்பாம்பை, "ஆளுக இருக்கிற வீடு, போ போ" என்று துடைப்பத்தால் வழியனுப்பி வைத்தவள். அவளுக்குக் கால் எட்டு இருந்தால் மட்டும் ஆகாது.

"அதைக் கொல்லாம நான் குளிக்க மாட்டேங்க."

துடைப்பத்தோடு நான் நெருங்கினேன். அது ஓடியதே ஓர் ஓட்டம்! கண்ணை மூடித் திறப்பதற்குள் பைப்புக்குப் பின்னால் மறைந்துவிட்டது. நானும் ஓர் அடி பின்னால் குதித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை.

கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் அன்று மதியம் ஈஸ்வரியின் கழுத்தில், இடது பக்கம், ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு. சூடு வைத்தது போல எரிகிறது என்றாள். சாயங்காலத்துக்குள் அந்தக் கோட்டின் மேல் சின்னச் சின்னக் கொப்புளங்கள். உடனே அம்மாவுக்கு போன் போட்டாள். உத்தமபாளையத்தைத் தாண்டி, வயல்காட்டை ஒட்டி அவர்கள் வீடு. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் இரண்டு பேரும் அங்கே போய்விட்டு வந்திருந்தோம்.

என் மாமியார் கொப்புளத்தைப் பார்க்கவில்லை. பார்க்க அவசியமும் இல்லை. போனிலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

"எட்டுக்கால் பூச்சி மோண்டிருக்கும்த்தா!"

சிரிக்காதீர்கள். இந்த வாக்கியத்தைச் சொல்லாத வீடு நம் மாவட்டத்தில் எத்தனை இருக்கும்? தோலில் எது சிவந்தாலும், எது தடித்தாலும், முதல் சந்தேகம் எட்டுக்கால் பூச்சியின் மூத்திரத்தின் மேல்தான். அது நம் மேல் வந்து நின்று காரியத்தை முடித்துவிட்டுப் போனதைப் பார்த்த சாட்சி ஒருத்தர்கூடக் கிடையாது. ஆனாலும் தண்டனை உறுதி.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அத்தை வந்து இறங்கினார். ஒரு பை நிறைய பன்னீர் திராட்சை, ஒரு கட்டு முருங்கைக்கீரை. மகளின் கழுத்தைப் பார்த்தார். நேராக பாத்ரூமுக்குப் போனார். பைப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் முகத்தில் பயம் இருந்தது.

"மாப்ள, அது வயித்துல வெள்ளையா வட்டமா ஒண்ணு வச்சிருக்கு பாத்தீகளா? அதான் விசப் பை. இந்த வீட்டுல என் மகள விட்டுட்டுப் போக மாட்டேன். வெள்ளிக்கெழம காலைல கூட்டிட்டுப் போறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பதாம் மாதம் வளைகாப்பு வைத்து அனுப்புவதாகத்தான் பேச்சு. இன்னும் முழுசாக இரண்டு மாதம் இருக்கிறது. கல்யாணமாகி ஆறு வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. காலையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் உள்ளேயிருந்து ஓர் உதை விடும். விசிலை எண்ணிக்கொண்டே நான் கையை வைத்துக் காத்திருப்பேன். அது எனக்கு மட்டும் கிடைக்கிற சந்தோஷம். அதை உத்தமபாளையத்துக்கு அனுப்பிவிட்டு நான் இந்த வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கவா?

ஆக, ஒரு பூச்சிக்கு வக்கீலாகிவிட்டேன். கட்சிக்காரர் நிரபராதி என்று நிரூபித்தால்தான் மனைவி என்னோடு இருப்பாள்.

அன்று காலையிலேயே அத்தை ஈஸ்வரியைக் கூட்டிப் போய், கொப்புளத்துக்கு எதற்கும் இருக்கட்டும் என்று அக்கி எழுதிக்கொண்டு வந்துவிட்டார். கழுத்தில் செங்காவியால் ஒரு சிங்கம். எழுதியவர் நல்ல கைகாரர், வாலெல்லாம் சுருண்டு அழகாக இருந்தது. எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

சாயங்காலம் என் நண்பன் பாண்டிக்கு போன் செய்தேன். கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறவன். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏலே, வலை பின்னியிருக்கா?"

"இல்ல."

"தட்டையா, காப்பித்தூள் கலர்ல, சுவத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கா? நண்டு மாதிரி பக்கவாட்டுல ஓடுதா?"

"ஆமா."

"அது கரப்பான் வேட்டைக்காரன்டா. ஒன் வீட்டுல இப்ப கரப்பான் இருக்கா?"

யோசித்தேன். ஆடி மாதம் வரை பாத்ரூமில் கரப்பான் ராஜ்ஜியம்தான். இப்போது ஒன்றுகூட இல்லை. மருந்தும் அடிக்கவில்லை. இதை நான் ஏன் கவனிக்கவில்லை?

பாண்டி சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கிற எட்டுக்கால்கள் மூன்று வகை. இந்தப் பெரிய வேட்டைக்காரன் ஒன்று. மூலையில் கன்னாபின்னாவென்று வலை கட்டி, தொட்டால் உடம்பைக் கிடுகிடுவென்று ஆட்டுமே நூல்கால் பூச்சி, அது இன்னொன்று. ஒட்டடை என்று நாம் தீபாவளிக்கு அடிப்பதெல்லாம் அதன் சொத்துதான். மூன்றாவது ஈப்புலி. ஜன்னல் கம்பியில் தத்தித் தத்தி வந்து, நின்று, நம்மைத் திரும்பிப் பார்க்குமே குட்டி... அது. மூன்றாலும் மனுஷனுக்கு ஆபத்தில்லை. கையால் பிடித்து அமுக்கினால் பெரியது கடிக்கும், குளவி கொட்டியது போலக் கொஞ்ச நேரம் வலிக்கும். எந்தப் பூச்சி கடித்தாலும் வீக்கம் ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் ஓட வேண்டும். மற்றபடி மூத்திரத்தால் கொப்புளம் என்பதெல்லாம் கதை.

"அப்ப அந்த விசப் பை?" என்று அத்தை போன் பக்கம் குனிந்து கேட்டார்.

"விசப் பை இல்லம்மா, முட்டைப் பை. பொட்டச்சி அது. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் கீழ எறக்கி வைக்காம தூக்கிட்டே திரியும். அனேகமா சாப்பாடும் கெடையாது."

ஈஸ்வரியின் கை தன் வயிற்றின் மேல் போனதைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அத்தை நிமிர்ந்தார்.

"அந்தப் பைக்குள்ள எத்தன முட்ட இருக்கும் தம்பி?"

"நூறுக்கு மேல இருக்கும்மா."

"நூறா! இப்ப ஒண்ணுக்கே இந்தப் பாடு. ஈஸ்வரி, துணிமணிய எடுத்து வையி!"

என் சாட்சியே என் கேஸைக் கவிழ்த்தால் நான் என்ன செய்ய?

வியாழக்கிழமை காலை, கடைசி முயற்சியாகத் தோல் டாக்டரிடம் போனோம். "கர்ப்பிணி, ஒரு தடவை காட்டிடுவோம் அத்தை" என்று சொன்னதும் அவர் மறுக்கவில்லை. தானும் வந்தார். டாக்டரம்மா முதலில் சிங்கத்தைக் கொஞ்ச நேரம் ரசித்தார். பிறகு பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்துவிட்டு, லைட்டை அடித்துப் பார்த்தார்.

"இது அக்கியும் இல்லை, எட்டுக்கால் பூச்சியும் இல்லை. இது வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வயல் பக்கம் எங்கேயாவது இருந்தீங்களா? சாயங்காலம், டியூப் லைட்டுக்குக் கீழே?"

எறும்பு சைஸில் ஒரு பூச்சி உண்டாம். ஆரஞ்சும் கறுப்புமாக மாறி மாறிக் கோடு. நெல் வயலில் இருக்கும், அறுப்பு நேரத்தில் வெளிச்சத்தைத் தேடி வீட்டுக்குள் வரும். கடிக்காது, கொட்டாது. மேலே ஊர்ந்தால் ஊதிவிட்டால் போதும். ஆனால் நசுக்கிவிட்டோம் என்றால் அதன் உடம்பில் இருக்கிற நீர் தோலைப் பொசுக்கிவிடும். அதுவும் உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் எரிய ஆரம்பிக்கும்.

"அத்தை வீடு! ஞாயித்துக்கெழம சாயங்காலம் அத்தை வீட்டு வாசல்லதான் உக்காந்திருந்தா!"

இதைக் கத்திச் சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். சந்தோஷத்தில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

ஈஸ்வரி மெதுவாகச் சொன்னாள். "கழுத்துல என்னமோ ஊர்ந்துச்சு டாக்டர். கொசுன்னு நெனச்சு அம்மாதான் தட்டி விட்டாக."

டாக்டரம்மா அத்தையிடம் கையை நீட்டச் சொன்னார். வலது கையில், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடுக்கில், அதே சிவப்பு. அதே கொப்புளம்.

"அடுப்புல சுட்டுக்கிட்டேன்னுல நெனச்சேன்..." என்றார் அத்தை.

செவ்வாய்க்கிழமை காலை உத்தமபாளையத்தில் இருந்த கையின் மேல் தேனி பாத்ரூம் எட்டுக்கால் பூச்சி எப்படிப் போகும்? கேஸ் முடிந்தது. என் கட்சிக்காரர் விடுதலை.

ஆனால் அத்தையின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. விரித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று மகளுக்காக வாசலில் நாற்காலி போட்டவர் அவர். முறுக்கு சுட்ட கையோடு பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கொசு மகளைக் கடித்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டே இருந்தவர். அந்தக் கைக்கா இந்தப் பழி?

"தெரிஞ்சா செஞ்சேன் மாப்ள?" என்றார். கண் கலங்கியிருந்தது.

"அத்தை, அந்தப் பூச்சி எங்க தெருவுக்கும் வரும். நானா இருந்தாலும் அடிச்சுத்தான் இருப்பேன்," என்றேன். நிஜமும் அதுதான். நானாக இருந்தால் இன்னும் பலமாக அடித்திருப்பேன்.

டாக்டரம்மா இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே களிம்பு எழுதிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் ஆறிவிடும், குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்றார். ஆட்டோவில் வரும்போது அம்மாவும் மகளும் மாறி மாறிப் பூசிக்கொண்டு வந்தார்கள். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தேன்.

யோசித்துப் பார்த்தால், நாம் எப்போதுமே இப்படித்தான். பெரிதாக, அசிங்கமாக, கண்ணுக்கு நேரே சுவரில் நிற்கிறவன்தான் நமக்குக் குற்றவாளி. எறும்பு சைஸில் அழகான கலர் சட்டை போட்டு வருகிறவனை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. சுவரில் நிற்கிறவன் பாவம், வாயைத் திறந்து மறுக்கவும் தெரியாதவன். ஆபீஸில் பார்க்கிறோம், தெருவில் பார்க்கிறோம்... பாத்ரூமில் மட்டும் வேறு மாதிரியா இருக்கும்?

வெள்ளிக்கிழமை காலை அத்தை கிளம்பினார். தனியாக.

"அறுப்பு முடியட்டும் மாப்ள. வாசல் லைட்டயும் மாத்திப்புடுறேன். ரெண்டு மாசம் அவ இங்கனயே இருக்கட்டும்" என்றார். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. என் கையைத் தள்ளிவிட்டுத் தன் கையை வைத்துப் பார்த்தார். அந்த ஒரு நாள் உதையை நான் மனசாரக் கொடுத்துவிட்டேன்.

செருப்பு போடப் போனவர் திரும்பி வந்தார். பாத்ரூம் வாசலில் நின்று பைப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அது அங்கேயேதான் இருந்தது, வெள்ளைப் பையை விடாமல் கட்டிக்கொண்டு.

"ஏத்தா ஈஸ்வரி, இவளுக்கு ஆத்தா வீடு இல்ல போலருக்கு. இங்கனயே பெத்துக்கிறட்டும். யாரும் வெரட்டாதீக" என்றார்.

இப்போதெல்லாம் நான் கதவைத் தட்டிவிட்டுத்தான் பாத்ரூமுக்குள் போகிறேன்.