இரண்டு வீட்டுக்கு ஒரு கேம் கம்ப்யூட்டர்

கேம் விளையாடும் கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர் எவரும், தம் கையிலிருக்கும் தொகைக்குள் அடங்கும் ஆசையோடு வந்ததை இந்தத் தொழிலில் நான் கண்டதில்லை. விருதுநகர் பஜாரில் கடை வைத்திருக்கும் எனக்கு மட்டும் வாய்த்த அனுபவம் அன்று இது. துணிக்கடையோ பாத்திரக்கடையோ வைத்து, "இதே மாதிரி, ஆனா வெல கம்மியா" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுச் செவி மரத்துப்போன நண்பர்கள் யாவரும் அறிவீர்கள்.

நான் எந்தக் கல்லூரியிலும் இதைப் பயின்றவன் அல்லன். பெட்டிகளோடு வரும் கையேடுகளை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துத் தேறியவன். என் கடையில் பாகங்களைப் பூட்டிக் கொடுப்பவர் பரீதா. கை சுத்தம், வேலை சுத்தம், நாக்கு மட்டும் அவர் பிடித்திருக்கும் திருப்புளியைவிடக் கூர்மை. சென்ற ஆண்டு ஒரே ஓர் ஆர்டர் எங்கள் இருவருக்கும் தந்த பாடுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

வினோதமான ஆர்டர்

ஆடி மாதத்தில் ஒருநாள், விஸ்வநத்தத்திலிருந்து ராஜேஸ்வரி என்ற பெண்மணி வந்தார். அவரும் அவர் கணவர் முனியசாமியும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். அவருடைய அண்ணன் கணேசன் ஆமத்தூரில் இருக்கிறார்; சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறார். ராஜேஸ்வரியின் மூத்த மகனுக்குக் காது குத்திய அன்று, கணேசனின் வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. நல்ல நேரம் போகிறதே என்று முனியசாமி, பிள்ளையை வேறொரு சொந்தக்காரர் மடியில் உட்காரவைத்துக் காரியத்தை முடித்துவிட்டார். தாய்மாமன் மடி நம் பக்கத்தில் எத்தகைய உரிமை என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்த கணேசன், சீர்த்தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பியவர்தாம். அதன்பின் தங்கை வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

தீபாவளி கழிந்ததும் சின்ன மகளுக்குக் காது குத்த வேண்டும். இம்முறை குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும் என்பது ராஜேஸ்வரியின் பிடிவாதம். மச்சானும் மாப்பிள்ளையும் முகம் பார்த்துப் பேசாவிட்டாலும், இருவருக்கும் போனில் கேம் ஆடும் பித்து ஒன்றாகவே இருந்தது. இருவருக்கும் கம்ப்யூட்டர் ஆசை. இருவர் கையிலும் பாதித் தொகை. ஆளுக்குச் சில பாகங்களாகப் பங்கு போட்டு வாங்கி, ஒரு வாரம் இந்த வீடு, ஒரு வாரம் அந்த வீடு என்று வைத்துக்கொள்ள இருவரையும் தனித்தனியே சம்மதிக்கவைத்துவிட்டு வந்திருந்தார். நான் விலைப்பட்டியலை எடுத்தேன். அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"வெல கெடக்கட்டும் அண்ணாச்சி. ஒருத்தர் பங்கு இல்லாம இன்னொருத்தர் பங்கு ஓடவே கூடாது. அப்பிடி ஒரு கம்ப்யூட்டர் இருக்கா?"

மணிமருந்துக்காரர் பார்த்த விளக்கு

அடுத்து முனியசாமி வந்தார். கம்ப்யூட்டரின் சூட்டைத் தணிக்கும் வண்ண விளக்குக் காற்றாடிகளை ஓடவிட்டுக் காட்டினால், வருகிறவர்கள் வாய் பிளந்து நிற்பதுதான் என் கடை வழக்கம். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்தும் நிமிர்ந்தும் ஆராய்ந்தார். வானத்தில் போய் வண்ண வண்ணமாகச் சிதறுகிற மணிமருந்தை உருட்டிக் காயவைக்கும் பிரிவில் அவருக்கு வேலை என்பது எனக்கு அப்போது தெரியாது.

"செவப்பு தேவல. பச்சை வெளுத்துக் கெடக்கு. ஊதா சுத்த மோசம்" என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு, "இது எம்புட்டு நேரம் எரியும்?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் ஓடும்வரை எரிந்துகொண்டே இருக்கும் என்றேன் பெருமையோடு. அவர் முகத்தில் எனக்காக ஓர் இரக்கம் தோன்றியது.

"எரிஞ்சுக்கிட்டே இருந்தா எவன் அண்ணாச்சி அண்ணாந்து பாப்பான்? அதைக் கழிச்சுட்டு வெலையச் சொல்லுங்க."

ஓவர்லோடு

கணேசனோ தம் லோடு வண்டியின் நெற்றி முழுக்கச் சீரியல் பல்பு கட்டியிருப்பவர். விளக்கு வேண்டும்; அது தெரியக் கேபினெட் என்கிற வெளிக்கூட்டின் பக்கவாட்டில் கண்ணாடி வேண்டும் என்றார். கேபினெட்டும், கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும், கிராபிக்ஸ் கார்டும் அவர் பங்கு. மற்றவை முனியசாமியின் பங்கு. "அண்ணே, வாரா வாரம் வண்டியில ஏத்தி எறக்குற சாமான். நம்ம ரோட்டுல எத்தனை குழிக்குக் கண்ணாடி தாங்கும்னு நீங்களே சொல்லுங்க" என்று பரீதா கேட்டதும், மனத்துக்குள்ளேயே ஆமத்தூரிலிருந்து விஸ்வநத்தம்வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தகரத்துக்கு இறங்கி வந்தார். பின்பக்கம் சுவரைப் பார்த்து எரிகிற ஒரே ஒரு விளக்கோடு சமாதானமானார்.

எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில்தான் வழக்கமான தகராறு எழுந்தது. பாதி விலையில் ஒன்றைப் போனில் காட்டி, "இதுலயும் அதே வாட்ஸ்தானே போட்டிருக்கு?" என்றார். தொகை போதாதபோது எல்லாரும் முதலில் கைவைப்பது இதில்தான். கேம் நடுவே கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து எழும்போது எல்லாரும் வந்து திட்டுவது என்னைத்தான். தாளில் அச்சிட்டிருக்கும் வாட்ஸ் வேறு, உள்ளிருக்கும் சரக்குத் தாங்கும் வாட்ஸ் வேறு என்று கையேட்டைப் பிரித்தேன். அவர் என்னைப் பாதியிலேயே நிறுத்தினார்.

"ஓவர்லோடு கேஸுன்னு மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே அண்ணாச்சி? நல்லதையே போடுங்க. ஆனா நான் ஒரு பேச்சுல ஒத்துக்கிட்டேன்னு எங்க மாப்ளகிட்ட மட்டும் சொல்லிராதீக!"

படம் காட்டாத பிராசஸர்

ராஜேஸ்வரி கேட்ட கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. கம்ப்யூட்டரின் மூளையாகிய பிராசஸரில் இரு வகை உண்டு. ஒன்று, தானே திரையில் படம் காட்டவும் வல்லது. மற்றொன்றுக்கு அந்த வசதி இல்லை; கிராபிக்ஸ் கார்டைச் செருகினாலன்றித் திரை இருண்டே கிடக்கும். பின்னது விலை குறைவு. ஆயினும், கார்டு பழுதானாலும் அவசரத்துக்குப் படமாவது வரட்டும் என்று முதல் வகையையே நான் எல்லார்க்கும் பரிந்துரைப்பேன். அந்த ஒரு தடவை மட்டும் என் கொள்கையை ஒதுக்கிவைத்தேன். இரு வீட்டிலும் நல்ல டி.வி. இருந்ததால் தனியாக மானிட்டரும் தேவைப்படவில்லை. இப்படி மிஞ்சியதில் கார்டை ஒரு படி உயர்ந்ததாகப் போட முடிந்தது. ஆகையால் தொழில் தர்மத்துக்கும் பங்கமில்லை.

மறைத்துச் செய்தேன் என்ற சொல் பிற்பாடு வரக் கூடாதென்று, கார்டு இல்லாவிட்டால் படமே வராது என்பதை இருவருக்கும் போனில் தனித்தனியே சொன்னேன். "கார்டுதான் இருக்குல்ல?" என்றார் முனியசாமி. "கார்டுதான் இருக்கே!" என்றார் கணேசன். பரீதா எல்லாவற்றையும் பூட்டி, ஓடவிட்டுப் பார்த்து, பில்லை என் முன் வைத்தார்.

"சாமானுக்கு மூணு வருசம் வாரண்டி எழுதியாச்சு அண்ணாச்சி. இந்த மச்சான் மாப்ளைக்கு எத்தனை நாளுன்னு எழுத?"

ஆமத்தூரைத் தாண்டி

வாரந்தோறும் கைமாற்ற வேண்டுமே; ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போவதில்லை. ஆகவே, கேட்காமலேயே என் கடை கைமாற்றும் இடமாயிற்று. கணேசன் காலையில் வந்து கம்ப்யூட்டரை வைத்துவிட்டுப் போவார். முனியசாமி மாலையில் வந்து எடுத்துப்போவார். அடுத்த வாரம் இது தலைகீழாக நடக்கும்.

எங்கள் ஊர்ப் பூகோளம் அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விஸ்வநத்தம் சிவகாசியை ஒட்டியிருக்கிறது. அங்கிருந்து விருதுநகர் வரும் வழியில்தான் ஆமத்தூர். அதாவது முனியசாமி, மச்சான் ஊரைத் தாண்டி வந்து, மச்சான் ஊரிலிருந்து வந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மச்சான் ஊரைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தார். நான் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லத் தகுந்த சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். பரீதா தேடவில்லை.

"ஏண்ணே, பஸ்ஸு ஆமத்தூருல நிக்கும்போது கண்ண மூடிக்கிருவீகளோ?"

விற்கப்பட்ட ஆட்டக்காரன்

புரட்டாசிவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. இருவரும் ஒரே கால்பந்து கேமில், ஒரே அணியை, வாரம் மாற்றி வாரம் ஆடிவந்தார்கள். நேரில் பேசாத இருவரும் அந்த அணியை எப்படி நடத்துவது என்பதில் மட்டும் ஒன்றுபட்டிருந்தார்கள் என்று ராஜேஸ்வரி நம்பியிருந்தார். திடீரென ஒரு வாரம், கணேசன் பெட்டியை வைத்துவிட்டு முகங்கொடுக்காமல் போனார். மாலையில் எடுத்துப்போன முனியசாமி மறுநாள் வேலைக்கும் போகாமல் அதைச் சுமந்துகொண்டு வந்து நின்றார். காற்றாடி சுற்றுகிறது; டி.வி.யில் படமில்லை.

பரீதா தகரத்தைக் கழற்றினார். கிராபிக்ஸ் கார்டு இருக்க வேண்டிய இடம் பல் விழுந்த வாயாய்க் காலியாக இருந்தது. கணேசனுக்குப் போன் செய்தேன். "அண்ணாச்சி, அந்த டீமுலயே நல்லா ஆடுறவன எனக்குன்னு பாத்துப் பாத்து வளத்து வச்சிருந்தேன். இவன் வாரத்துல அவன வித்துப்புட்டு எவனோ ஒரு கெழட்டுக் கீப்பர வாங்கிருக்கான். கேட்டுச் செய்யிற பழக்கமே அவனுக்குக் கெடையாது. என் பங்கு என்கிட்ட இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் பேசியது கால்பந்தைப் பற்றி மட்டுமன்று என்பது போனைப் பிடித்திருந்த எனக்கும் புரிந்தது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த முனியசாமிக்கும் புரிந்திருக்க வேண்டும். காதுகுத்துக்கு ஐப்பசியில் நாள் குறித்தாயிற்று. முனியசாமி அலமாரியைக் காட்டி, இருப்பதிலேயே விலை குறைந்த கார்டு ஒன்றைக் கேட்டார். விற்கிறவன் விற்க வேண்டியதுதான். என் கை அலமாரிவரைக்கும் போய்விட்டது. பரீதா குறுக்கே வந்து நின்றார்.

"இந்தக் காசுக்கு ஆமத்தூருக்கு ஆயுசு பூரா பஸ்ஸுல போய்ட்டு வரலாம்ணே. அங்கன ஒருக்காப் போயி எறங்கிப் பாருங்க, ஒங்கள யாரும் வித்துற மாட்டாக."

வாசலில் நின்றவர்

பின்னர் நடந்ததைக் கணேசனே வந்து சொன்னார். முனியசாமி கம்ப்யூட்டரைத் தோளில் சுமந்தபடி ஆமத்தூரில் இறங்கி, அவர் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். உள்ளே வரவுமில்லை, கூப்பிடவுமில்லை. கணேசனும் பார்த்தும் பாராதவராக வண்டிச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நான்கு சக்கரமும் முடிந்து, மாற்றுச் சக்கரத்தையும் தட்டிய பிறகு தட்டுவதற்கு வேறொன்றும் இல்லை. அப்போது முனியசாமி, "கீப்பர வித்துட்டு ஒங்க ஆளத் திரும்ப வாங்கிருவோம், மச்சான்" என்றிருக்கிறார். சற்றுப் பொறுத்து, "அன்னைக்கும் செத்த நேரம் காத்திருந்திருக்கலாம்" என்றும் சொல்லியிருக்கிறார்.

கணேசன் வீட்டுக்குள் போய்க் கார்டை எடுத்துவந்தார். ஆனால் அதைக் கையில் கொடுத்தனுப்பவில்லை. மாப்பிள்ளையையும் கம்ப்யூட்டரையும் லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு தாமே விஸ்வநத்தம் போய், தங்கை வீட்டுக்குள் நுழைந்து, கார்டைச் செருகிக் கொடுத்துவிட்டு, அங்கேயே சாப்பிட்டும் வந்திருக்கிறார். அவ்வளவு கோபமாக இருந்தவர் எப்படி உடனே கிளம்பினீர்கள் என்று கேட்டேன்.

"வேற என்ன செய்ய அண்ணாச்சி? மணிமருந்து உருட்டுற கை. அவன்கிட்ட குடுத்தா கார்டையும் உருட்டிப்புடுவான்ல!"

பந்தி

காதுகுத்துக்கு எனக்கும் பரீதாவுக்கும் அழைப்பு வந்தது. தீபாவளி கழிந்து கம்பெனிகள் லீவு விட்டிருந்த நேரம். முந்தின நாளே கணேசன் வந்துவிட்டார்; எந்த லோடையும் ஏற்காமல் வண்டியை வாசலிலேயே மறித்து நிறுத்தியிருந்தார். மறுநாள் காலை, பட்டு வேட்டி கட்டி, சம்மணமிட்டு அமர்ந்த தாய்மாமன் மடியில் குழந்தை இருந்தது. ஊசியைக் கண்டதும் அது அவர் மீசையைப் பற்றிக்கொண்டு வீறிட்டது. குழந்தை மீசையை விடவில்லை. அவரும் விடுவிக்க முயலவில்லை. கண் கலங்கியிருந்தார், மீசையை இழுத்ததால்தான் என்று சொல்லிக்கொண்டார். ஊசி குத்தி முடியும்வரை முனியசாமி மச்சானின் தோளைப் பிடித்தபடியே நின்றார்.

இலை போட்டார்கள். சொந்தக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். சோறு வந்தது, குழம்பு வரவில்லை. பந்தியை விசாரிக்க வேண்டிய வீட்டுக்காரரும் இல்லை, தாய்மாமனும் இல்லை. உள்ளறையிலிருந்து மட்டும் "பாஸ் குடு மாப்ளே!" "நீங்க மொதல்ல ஓடுங்க மச்சான்!" என்று கூச்சல் வந்துகொண்டிருந்தது. ராஜேஸ்வரி ஒரு கையில் குழம்பு வாளியும் இடுப்பில் குழந்தையுமாக என் இலைக்கு முன்னே வந்து நின்றார். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குரலில் மட்டும் கோபம் காட்டினார்.

"நான் சேத்து வைக்கத்தானே அண்ணாச்சி கேட்டேன்? நீங்க ஒட்டியில்ல வச்சுப்புட்டீக! இப்ப இந்த வாளியத் தூக்க எனக்கு ஒரு ஆளு இல்ல."

கேம் கம்ப்யூட்டருக்கு எந்தப் பாகத்தைக் கேட்டாலும் எப்படியாவது வரவழைத்துக் கொடுத்துவிடுவேன்; அதை விட்டு எழுந்து வருகிற ஆளைத்தான் இன்னும் எந்தக் கம்பெனியும் தயாரித்து அனுப்பக் காணோம்.