வாந்தி, அயர்லாந்து, ஒரு போலந்துக்காரி

நேற்று கோலாலம்பூரில், எங்கள் அலுவலகத்து லிஃப்டுக்குள் ஒரு பெண் பச்சைத் தைலப் புட்டியைத் திறந்து நெற்றியில் தேய்த்துக்கொண்டாள். என் மாடி வந்தது, கதவு திறந்தது. நான் இறங்க மறந்து நின்றேன். சிரிக்காதீர்கள். அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு வயிறு புரளும். தாப்பா மலைப்பாதையின் அத்தனை வளைவுகளையும் யாரோ சுருட்டி அந்தச் சின்னப் புட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

கேமரன் மலையில் பிறந்தவர்களுக்கு வளைவெல்லாம் பழகியிருக்கும் என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்குக் கடைசிவரை பழகவில்லை. ஈப்போவில் கல்யாணம் என்றால் அம்மா முதலில் எடுத்து வைப்பது என் பட்டுப்பாவாடையை அல்ல, பிளாஸ்டிக் பைகளையும் பச்சைத் தைலத்தையும்தான். இதில் கேவலம் என்னவென்றால், அப்பா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுபவர். "லோரிக்காரன் மவளுக்கு வாந்தியா!" என்று லயமே சிரிக்கும். வரிசை வீடுகளில் ஒரு வீட்டுச் சிரிப்பு அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

அப்படிப்பட்டவளுக்குத்தான் அயர்லாந்தில் உணவுத் தொழில்நுட்பம் படிக்க உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அப்பா செய்தியை லோரியில் ஏற்றி, கோலா தெர்லா ஊர்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார். மாரியம்மன் கோயிலில் எனக்காகப் பொங்கல் வைத்தார்கள். பக்கத்து வீட்டு முனியாண்டி மாமாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"ஐயர்லேண்டா? அப்ப அங்க சாப்பாடெல்லாம் சைவந்தானா? பாவம்லா, இந்தப் புள்ள கருவாடு இல்லாம எப்படி இருக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ராத்திரி போர்வைக்குள் கணக்குப் போட்டேன்: தாப்பாவுக்கே இத்தனை பை என்றால் அயர்லாந்துக்கு எத்தனை பை? அத்தோடு ஆங்கிலம் வேறு. தாளில் எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைக்காரர்கள் எல்லாரும் பிறக்கும்போதே இலக்கணத்தோடு பிறக்கிறார்கள், நான் ஒரு வினைச்சொல்லைத் தப்பாகச் சொன்னால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நம்பியிருந்தேன்.

கிளம்ப ஒரு வாரம் இருந்தபோது வசந்தியிடம் சொன்னேன். என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். அப்போது கியா பார்ம் சந்தையில் ஒரு ஸ்ட்ராபெரிக் கடையில் வேலைக்கு இருந்தாள்.

"நான் போகலடி. அம்மாகிட்ட சொல்லிடப் போறேன்."

"தாராளமா சொல்லு. நாளைக்குக் காலையில கடைக்கு வந்து எனக்கு ஒத்தாசை பண்ணிட்டு, அப்புறமா வீட்டுக்குப் போயி சொல்லு."

அவள் ஏதோ திட்டம் போடுகிறாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் பனி சாலையை மூடியிருந்தது. ஸ்ட்ராபெரி வாசனையும் பக்கத்துக் கடையில் வேகும் சோள வாசனையும் கலந்து வந்தன. (இன்றைக்கும் வேகவைத்த சோளம் எனக்கு ஆங்கிலப் பரீட்சையை ஞாபகப்படுத்தும்.) முதுகில் தன் உயரத்துக்கு ஒரு பையைச் சுமந்துகொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண் கடைமுன் வந்து நின்றாள். எங்கள் வயதுதான் இருக்கும். வசந்தி என் முதுகில் கைவைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள்.

"பேசு. ஓடினே, கால ஒடச்சிருவேன்."

பள்ளியில் ஆங்கில வாய்மொழித் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். "குட் மார்னிங் மேடம், வெல்கம் டு கேமரன் ஹைலண்ட்ஸ், ஹவ் மே ஐ அசிஸ்ட் யூ திஸ் ஃபைன் மார்னிங்?"

அவள் மிரண்டுபோனாள். இரண்டு கைகளையும் தூக்கி, "ஸ்லோ... ப்ளீஸ்... மை இங்கிலீஷ் நோ குட்" என்றாள்.

நான் வசந்தியைப் பார்த்தேன். வசந்தி என்னைப் பார்த்தாள்.

"அடியே, வெள்ளைக்காரிக்கு இங்கிலீஷ் வரலடி!" என்றாள்.

எங்களுக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பெண்ணும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தாள். அவள் பெயர் ஆனியா, போலந்துக்காரி. தேயிலை பார்க்க வேண்டும் என்பதை "டீ... மவுண்டன்... வேர்?" என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டாள். பால் கலந்த தேநீர் வேண்டும் என்பதற்குத் தலையில் இரண்டு விரல் வைத்து மாடு மாதிரி கத்தினாள். கடையை முதலாளியம்மாவிடம் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் அவளைத் தோட்டத்துக்கு நடத்திக்கொண்டு போனோம். அவள் ஆங்கிலம் தடுமாறத் தடுமாற என் ஆங்கிலம் நிமிர்ந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் நானே அவளைத் திருத்தினேன் என்றால் பாருங்கள்.

வழியில் அவள் முகம் வெளிறியிருப்பதைக் கவனித்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். அவள் சட்டைப் பையிலிருந்து கசங்கிய பிளாஸ்டிக் பையொன்றை உருவிக் காட்டி, கையால் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து மலைப்பாதை வரைந்தாள். "தாப்பா பஸ். ஊவாக்!"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் ஜாதிக்காரி! என் தைலத்தை எடுத்து அவள் நெற்றியில் நானே தேய்த்துவிட்டேன்.

"விமானத்திலும் வந்ததா?" என்று கேட்டேன். வந்ததாம், பலமுறை. பிறகு எப்படி இவ்வளவு தூரம் வந்தாய் என்றேன். அவள் யோசித்தாள், கையில் இருந்த சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு.

"வாமிட். ஃபினிஷ். கோ."

தேயிலைச் சரிவின் நடுவே மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, "இதுங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். அவர்களில் ஒருத்தி என் அம்மா.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த அம்மா, லயத்து வீட்டில் ஆனியாவுக்குப் பெரிய கோப்பையில் பால் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அவள் அதைக் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் புள்ள தனியாவா வந்துச்சு? அவங்கம்மா எப்படித்தான் விட்டாங்களோ."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் சொல்ல வந்ததை அவள் முன்பே முகத்தில் படித்திருக்க வேண்டும்.

"அந்தம்மா விட்டிருக்காங்கல்ல" என்றாள் அம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. "நானும் விடுறேன். நீ பயப்படாம போயிட்டு வா."

போகவில்லை என்று சொல்ல வந்தவள், "சரிம்மா" என்றேன்.

விமான நிலையத்துக்கு என்னை வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். உட்கார இடமில்லாமல் வசந்தி என் மடியில் உட்கார்ந்தாள். தாப்பா இறக்கத்தில் நான் வழக்கம்போல வாந்தி எடுத்தேன். வேனே கோரஸாக "வாமிட்! ஃபினிஷ்! கோ!" என்று கத்தியது. முனியாண்டி மாமா அயர்லாந்துக்காரர்களுக்கு என்று கருவாட்டுப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அத்தனை பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். காவலாளி சங்கடத்தோடு வேறு பக்கம் பார்த்தார்.

விமானத்தில் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. வானத்தில் வளைவு கிடையாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை!

இப்போது அந்த லயத்தில் வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறிவிட்டார்கள். அந்த வேனில் வந்தவர்கள் ஒன்றுகூட வேண்டுமென்றால் யாராவது செத்தால்தான் உண்டு. போன வருஷம், மலையிலேயே தங்கிவிட்ட முனியாண்டி மாமா போனபோது கூடினோம். சடங்கு முடிந்தபின் பழைய கதை பேசி, துக்க வீடு என்பதை மறந்து சத்தமாகச் சிரித்தோம். பிறகு மணியைப் பார்த்தோம். அவரவர் காரில் ஏறினோம். என் காருக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு காரையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே மலை இறங்கினேன். எல்லாக் கார்களிலும் பின்னிருக்கை காலியாக இருந்தது.